டேலைட் மாஸ்டரின் ஷேட் சேராத நகம்

திருப்பூரில் கடவுளைக்கூட டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்து நம்பாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அது எங்கள் டேலைட் மாஸ்டர்தான். கோயிலுக்குப் போனால் சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொள்வாரே தவிர மனம் ஒப்பாது. "உள்ள மஞ்ச பல்பு கண்ணு. சாமி பச்ச உடுத்தியிருக்குதா நீலம் உடுத்தியிருக்குதான்னே தெரியல. தேரு வெளிய வரட்டும், பகல்ல பாத்துக்கறேன்" என்பார்.

அப்பேர்ப்பட்டவர் வாழ்க்கையில் ஒரே ஒரு நிறத்திடம் ஏமாந்தார். அது அவருடைய கால் கட்டைவிரல் நகத்தில் இருந்தது. ஏமாறாமல் இருந்திருந்தால் இன்றைக்கு அவர் காலில் பத்து விரல் இருந்திருக்கும்.

எனக்கு முதலில் பொறி தட்டியது ஒரு பேக்கரி வாசலில். எங்கள் ஊரில் டீ குடிக்கிற இடத்துக்கெல்லாம் பேக்கரி என்றுதான் பெயர். டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரி படித்து முடித்த சூடு ஆறுவதற்குள் பல்லடம் ரோட்டில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் சேர்ந்திருந்தேன். உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது, கேட்கத்தான் ஆள் இல்லை. பட்டறையில் சாயம் போடும் மாஸ்டர் மட்டும் கேட்பார். ஒப்புக்கொள்ள மாட்டார், ஆனால் கேட்பார்.

அன்றைக்கு அவர் டீ கிளாஸைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையுறை போடாத மனுஷன். போன மாதம் நகத்தின் அடியில் ஒட்டியிருந்த நேவி ப்ளூ இப்போது நடு நகத்துக்கு வந்திருந்தது. அதற்கு முன் சாயம் போட்ட லாட்டின் மெரூன் நுனிக்குப் போய், வெட்டுப்படக் காத்திருந்தது. நகம் வளர வளர, ஒட்டிய சாயம் முன்னால் போகிறது. சரிதானே? தற்செயலாகக் குனிந்து அவர் வலது காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் ஒரு மங்கிய மஞ்சள். ஆடியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது நுனியில் மட்டும் இருந்தது. தீபாவளிக்கு நடு நகம். இப்போது அடி நகத்தை எட்டிவிட்டது.

டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டுக் கத்தினேன்.

"மாஸ்டர்! சாயம் முன்னாடி போகுது. இது பின்னாடி போகுதுங்க!"

"எது கண்ணு?"

"உங்க கால் நெகத்துல இருக்கறது. அது சாயமே இல்லீங்க. உசுரோட இருக்குது. உள்ள பாத்து நடந்து போயிட்டு இருக்குதுங்க."

மாஸ்டர் பன்னை டீயில் முக்கி, பதறாமல் வாயில் போட்டுக்கொண்டார். "உசுரோட இருந்தா நல்லதுதான. ஆத்துல மீன் இல்ல, மரத்துல எல இல்ல. நம்ம பட்டறையால ஒண்ணாச்சும் உசுரோட இருக்குதேன்னு சந்தோசப்படு."

அவருக்கு அந்தப் பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறை லேபில் லைட் பாக்ஸ் என்று ஒன்று இருக்கும். முன்பக்கம் திறந்த அலமாரி மாதிரி. உள்ளே வகை வகையான விளக்குகள். ஒன்று டியூப்லைட், ஒன்று வெளிநாட்டுக் கடைகளில் எரிகிற விளக்கு, ஒன்று பகல் வெளிச்சம் போலவே காட்டும் விளக்கு. துணியை உள்ளே வைத்து ஒவ்வொரு விளக்காகப் போட்டு, துணி வாங்குகிற பையர் கேட்ட அதே நிறம், அதாவது ஷேட், வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாஸ்டர் எல்லா விளக்கையும் போட்டுப் பார்ப்பார், தலையாட்டுவார், கடைசியில் துணியைப் பிடுங்கிக்கொண்டு "டேலைட்! டேலைட்!" என்று கத்தியபடி வெயிலுக்கு ஓடுவார்.

ஒருநாள் பட்டறை வாசலில் நிழல் விழுந்துவிட்டது என்று ரோட்டுக்கே ஓடிப்போய், நடுவில் நின்று ஒரு சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்தார். பல்லடத்திலிருந்து பறந்து வந்த தனியார் பஸ், டயர் தேய அவர் மூக்குக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர். கண்டக்டர் இறங்கி வந்தார். மாஸ்டர் அவரிடம் மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இது செகப்புங்களா, மெரூனுங்களா?"

"இன்னும் ஒரு சாண் வந்திருந்தா ரெண்டையும் ரோட்டுலயே பாத்திருக்கலாமுங்க" என்றார் கண்டக்டர்.

இழவு வீட்டில்கூட அவர் திருந்தவில்லை. எங்கள் பட்டறை பாய்லர்காரரின் தகப்பனார் தவறிப்போனபோது மாலை வாங்கிக்கொண்டு போனோம். மாஸ்டர் கும்பிட்டுவிட்டு, அழுதுகொண்டிருந்த மகனின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். "டியூப்லைட்ல பாக்கறதுனால மஞ்சளாத் தெரியறாருங்க. வெளிய எடுத்துட்டாச் சரியாயிரும், வருத்தப்படாதீங்க." பாய்லர்காரர் அதன்பிறகு ஒரு மாதம் எங்களுக்கு நீராவி சரியாகவே விடவில்லை.

இப்படிப்பட்ட மனிதரிடம் நகத்துக்கு நோய் என்றால் நம்புவாரா? நகமோ நாளுக்கு நாள் தடித்து, எருமைக் கொம்பு போலத் திருகி, நுனி மாவாக உதிர ஆரம்பித்திருந்தது. அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. "சல்ஃபர் பிளாக் ஓட்டுன காலத்துல புடிச்ச சாயம். அது அவ்வளவு லேசுல போகாது கண்ணு."

"ஈரத்துணிய மூட்டையாப் போட்டு வெச்சா என்ன ஆகுமுங்க?"

"பூசணம் புடிச்சுப் போகும். மொதலாளி மேல வுழுந்து புடுங்குவாரு."

"உங்க கால் எத்தன வருசமா கம்பூட்ஸுக்குள்ள ஈரத்துல கெடக்குதுங்க?"

குனிந்து காலைப் பார்த்தார். பதினைந்து வருடமாக அவர் போட்டிருந்த ரப்பர் கம்பூட்ஸ், ஷிஃப்டு மாறினால் இன்னொருவர் போட்டுக்கொள்ளும் கம்பூட்ஸ். மதுரைப் பக்கத்துப் பையன் கழற்றிப் போட்டால் பீகார்க்காரர் மாட்டுவார், அவர் கழற்றினால் மாஸ்டர். உள்ளே எப்போதும் வெதுவெதுப்பாக ஒரு குளம். பூஞ்சைக்கு அதைவிட நல்ல ஹாஸ்டல் கிடைக்காது.

"அப்ப லைட் பாக்ஸுல வெச்சுப் பாத்துருவோம்" என்றார்.

நான் விளையாட்டென்று நினைத்தேன். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, லுங்கியை மடித்துக் கட்டி, வலது காலைக் கணுக்கால் வரை லைட் பாக்ஸுக்குள் நீட்டிவிட்டார். நான் ஸ்விட்சை ஒவ்வொன்றாக அழுத்தினேன். "டியூப்லைட்ல கிரீம் காட்டுது… கடை லைட்ல கடுகு காட்டுது… டேலைட்டப் போடு… அட, இது என்ன கண்ணு, கொய்யாப்பழம் அழுகுன கலரு!"

கதவு திறந்தது. பையிங் ஆபீஸ் மேடம். குழந்தைகள் உடுப்புக்கான பேபி பிங்க் ஷேடுக்கு ஒப்புதல் கொடுக்கப் பெங்களூரிலிருந்து வந்திருந்தார்.

"மாஸ்டர், என்ன நடக்குது இங்க?"

"ஷேட் பாக்கறனுங்க மேடம்."

"எங்க பேபி பிங்கையும் இதுக்குள்ளதான் வெச்சுப் பாத்தீங்களா?"

"ஆமாங்க. அது பாஸுங்க. இதுதான் ஃபெயிலுங்க" என்றார் மாஸ்டர், காலை எடுக்காமலே.

பேபி பிங்க் அன்றோடு வேறு பட்டறைக்குப் போய்விட்டது. நான் மாலை வரை லைட் பாக்ஸை டெட்டால் போட்டுத் துடைத்தேன்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் ஒரு விஷயம் எனக்கு விளங்காமலே இருந்தது. வலியில்லாத ஒரு நகத்துக்காக இந்த மனுஷன் ஏன் இப்படித் தவிக்கிறார்? மார்கழி பிறந்ததும் தெரிந்தது. மாஸ்டர் வருடா வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி எடுப்பவர். தறி நெய்த குடும்பம், தலைமுறைக்கும் முருகன்தான். காவடி கிளம்பும்போது தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு நிற்பார்கள். காவடிக்காரர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

"போன தையிலயே ஒரு புள்ள தொட்டுட்டு, நெகத்தப் பாத்துட்டுக் கையப் பொடவைல தொடச்சுக்கிச்சு கண்ணு" என்றார் மாஸ்டர். அன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை. "காவடி சொமக்கறப்ப அது எம்பட காலு இல்ல, சாமியோட காலு. சாமி காலத் தொட்டுட்டு ஒருத்தி கையத் தொடைக்கலாமா? இந்தத் தைக்குள்ள இது ஷேட் சேர்ந்தாகோணும்."

எனக்குப் புரிந்தது. நான் வெள்ளகோவில் பக்கத்துக் கிறிஸ்தவன். எங்கள் கோவிலில் ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழக்கிழமை, ஏசு செய்ததைப் போல, ஃபாதர் ஊர்க்காரர்கள் சிலரை உட்காரவைத்துக் காலைக் கழுவித் துடைப்பார். அதற்குத் தேர்வானவர்கள் முந்தின நாளே காலைச் செங்கல்லால் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். அழுக்குக் காலைக் கழுவக் கொடுக்கிற தைரியம் எந்த மதத்திலும் யாருக்கும் கிடையாது.

தைக்குள் முடிக்க வேண்டும் என்று மாஸ்டர் இறங்கினார். எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு சாயம் ஏற்றும் வின்ச் மெஷினைச் சுற்றி வந்தார். மஞ்சள், மண்ணெண்ணெய், பல்பொடி எல்லாம் ஆயிற்று. எதற்கும் மசியவில்லை. அப்புறம்தான் தொழில் மூளை வேலை செய்தது. பிரிண்டிங் பிரிவிலிருந்து பிக்மென்டும் அதை ஒட்டவைக்கும் பைண்டரும் வாங்கிவந்து, ஆரோக்கியமான நகத்தின் நிறத்தை லேபில் கலந்தே உருவாக்கினார். ஏ, பி, சி என்று மூன்று ஆப்ஷன். வெட்டிய நகத்துண்டுகள் மேல் தடவி, துணி சாம்பிள் ஒட்டுவது போலவே அட்டையில் ஒட்டிக் காயவைத்தார். 'பி' தேர்வானது. காலில் பூசினார். டியூப்லைட்டில் அச்சு அசல் புது நகம்! எனக்கே கை தட்டத் தோன்றியது.

பெருமையாகப் பேக்கரிக்கு வெயிலில் நடந்து போனோம். டீ மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "ஏனுங்க மாஸ்டர், காலு பச்சையா இருக்குது? பாம்பு கீம்பு கடிச்சிருச்சுங்களா?"

விளக்கில் சேர்ந்த ஷேட் வெயிலில் சேரவில்லை. ஊருக்கெல்லாம் டேலைட் சொன்ன மனுஷன், தன் நகத்துக்கு மட்டும் அவசரத்தில் டேலைட் பார்க்க மறந்திருந்தார். அந்த அவமானத்தில்தான் என்னோடு தோல் டாக்டரிடம் வரச் சம்மதித்தார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. வெட்டின நகம் இருந்தால் பரிசோதிக்கலாம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மாஸ்டர் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். ஏ, பி, சி.

"இது என்னங்க?"

"ஆப்ஷனுங்க. எது வேணுமோ நீங்களே அப்ரூவல் பண்ணிக்கங்க."

டாக்டரம்மா சிரித்து ஓய்ந்து, பெயின்ட் அடித்தது உதவாது என்று சொல்லி, அவரே நகத்தை வெட்டி, அடியிலிருந்த மாவைச் சுரண்டி எடுத்தார். கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டார். அது பொட்டாஷ் கரைசல். நகத்தைக் கரைத்துவிடும், பூஞ்சை மட்டும் கரையாமல் நிற்கும், அப்போதுதான் அடையாளம் தெரியும் என்று எனக்கு விளக்கினார். கொஞ்ச நேரம் கழித்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தவர், "இருக்குதுங்க. நூல் நூலா ஓடியிருக்குது பாருங்க" என்றார்.

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூலுங்களா? எத்தனாம் நம்பர் நூலுங்க?"

"பூஞ்சைங்க. காளான் சாதி. கால் ஈரத்துலயே இருந்தா, அடுத்தவங்க பூட்ஸப் போட்டா, அப்படியே நகத்துக்கடியில குடி வந்துரும். மேல என்ன பூசினாலும் உள்ள போகாது. அடி நகம் வரைக்கும் போயிட்டதுனால மாத்திரைதான். சில மாசம் விடாம சாப்பிடோணும். சாப்பிட்டாலும் பழைய நகம் சரியாகாது. புது நகம் அடியில இருந்து சுத்தமா வளர்ந்து, பழசத் தள்ளிட்டு வரோணும். கால் நகம் ரொம்ப மெதுவா வளருமுங்க. ஒரு வருசம், அதுக்கு மேலயும் ஆகலாம்."

"ஒரு வருசங்களா? லாட்ட அவ்வளவு நாள் ஹோல்டுல வெக்க முடியாதுங்களே. தைக்கு டெலிவரி."

டாக்டரம்மா அதைக் காதில் வாங்கவில்லை. பஞ்சை எடுத்து அவர் பாதத்தை வருடிக்கொண்டிருந்தார். "கண்ண மூடிக்கங்க. தொட்டாச் சொல்லுங்க."

"தெரியுதுங்க."

 டாக்டரம்மாவின் கை அப்போது மேசைமேல் இருந்தது, காலைத் தொடவே இல்லை.

"இப்ப?"

"தெரியுதுங்க, நல்லாத் தெரியுதுங்க."

அவர் பஞ்சைக் கீழே போட்டார். "சர்க்கரை பாத்திருக்கீங்களா?"

"எனக்கெல்லாம் அது இல்லீங்க."

"பாத்திருக்கீங்களான்னுதான் கேட்டேன். நாளைக்கே ரத்தம் குடுத்துருங்க. சர்க்கரைக்கு ஒண்ணு, ஈரலுக்கு ஒண்ணு. ஈரல் நல்லா இருக்குதான்னு தெரிஞ்சாத்தான் இந்த மாத்திரையத் தர முடியும். சர்க்கரை இருந்து கால் மரத்துப் போயிருந்தா, இந்தத் தடிச்ச நகமே பக்கத்துச் சதையக் கிழிச்சுப் புண்ணாக்கிடும். வெறுங்கால்ல நடக்கவே கூடாது. நீங்களா எதையும் தடவக் கூடாது. காலக் காய வெச்சே வெச்சிருங்க."

வெளியே வந்ததும் மாஸ்டர் முகம் பிரகாசமாக இருந்தது. நான் அவர் தெளிந்துவிட்டார் என்று நினைத்தேன். உண்மையில் டாக்டரம்மா சொன்ன அத்தனையிலும் அவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கண்ணு, அந்தம்மா ஊத்துச்சே, பொட்டாஷு. அது நம்ம காஸ்டிக் சோடாவோட பங்காளிதான?"

"ஆமாங்க, ஆனா—"

"நெகத்தக் கரைக்கும்னு சொல்லுச்சல்ல?"

"கண்ணாடில வெச்ச நெகத்தைங்க மாஸ்டர். கால்ல இருக்கற நெகத்த இல்ல. பூஞ்ச அதுல சாகாது. அது சாகாததுனாலதான் கண்ணுக்கே தெரியுது!" ரோட்டில் நின்று கத்தினேன். அவர் கேட்டுக்கொண்டார். வழக்கம்போலக் கேட்டுக்கொண்டார்.

சாயப்பட்டறையில் ஒரு லாட் ஷேட் தவறிப்போனால் தூக்கி எறிய மாட்டோம். ஸ்ட்ரிப் பண்ணுவோம். காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோ என்கிற சாயம் நீக்கும் பொடியும் போட்டுச் சூடு ஏற்றினால் ஏறின சாயம் மொத்தமும் கழன்று துணி பழையபடி வெள்ளையாகிவிடும், மறுபடி சாயம் ஏற்றி ரீ-டை பண்ணிக்கொள்ளலாம். மாஸ்டர் அதில் ராஜா. அவர் கையில் திரும்பாத துணி கிடையாது. ரத்தம் கொடுக்கப் போகவேண்டிய நாளில், மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போன நேரத்தில், லேபில் ஒரு பீக்கரில் அதே கரைசலைக் காய்ச்சி, கட்டைவிரலை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நான் டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தபோது அவர் ஒரு கையில் தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பீக்கரிலிருந்து ஆவி வந்தது. அந்த வாசனையை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"மாஸ்டர்! காலை எடுங்க!"

"இருக்கட்டும் கண்ணு, இன்னும் கொஞ்சம் கழலோணும்."

"சுடலீங்களா?"

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். "சுடவே இல்லியே."

அவர் சொன்ன நூறு வேடிக்கைகளை நான் மறந்துவிடலாம். அந்த இரண்டு வார்த்தைகள் மட்டும் போகமாட்டேன் என்கின்றன.

குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீர் ஊற்றினேன், ஊற்றிக்கொண்டே இருந்தேன். தோல் சோப்புப் போல வழுக்கியது. அந்த நிலையிலும் அவர் காலை வெயில் பக்கம் திருப்பிப் பார்த்து, "வெள்ளையாயிருச்சு பாரு" என்றார். உண்மைதான், வெள்ளையாகத்தான் இருந்தது. மறுநாள் சிவந்தது. அதன்பிறகு கறுத்தது. டேலைட்டில் பார்க்கத் தேவையில்லாத கறுப்பு.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சர்க்கரையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் எப்படி நடமாடினார் என்று கேட்டார்கள். கட்டைவிரலை எடுத்தால்தான் பாதத்தைக் காப்பாற்றலாம், தாமதித்தால் முழங்கால்வரை போகும் என்றார்கள். மாஸ்டர் சர்ஜனிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "மீதிய ரீ-டை பண்ணிக்கலாமுங்களா?" சர்ஜனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்ததால் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அங்கே அவர் மனைவி சரசக்கா உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. ஒரு பொட்டு எண்ணெய்க் கறை, ஒரு ஊசி ஓட்டை அவர் கண்ணுக்குத் தப்பாது. அழவில்லை. புடவைத் தலைப்பைத் துணியைப் பிரித்துப் பார்ப்பது போல இரண்டு கையாலும் இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளெல்லாம் ஊருக்கே டேமேஜ் பாத்துத் தள்ளறனுங்க தம்பி. எம்பட ஊட்டுக்காரரு கால்ல இருந்த டேமேஜ நான் பாக்கலியே. ஊட்டுக்கு வந்தாக் காலக் காட்டவே மாட்டாரு. சாக்ஸப் போட்டு மூடிக்குவாரு. குளிருதுன்னு நெனச்சேன்."

அந்தத் தைப்பூசத்துக்குத் தெரு கிளம்பிப் போயிற்று. மாஸ்டரின் காவடி வீட்டு மூலையில் மயிற்பீலியோடு நின்றது. அவர் கட்டுப் போட்ட காலை நீட்டிக் கட்டிலில் கிடந்தார். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண்கள் காவடிகளுக்கு ஊற்றிய தண்ணீர் ஓடி வந்து அவர் வீட்டுப் படியை நனைத்ததாகச் சரசக்கா சொன்னார்.

புண் ஆறியது. சர்க்கரை கட்டுக்குள் வந்தது. ஈரல் பரிசோதனையும் ஆயிற்று. இடது கால் கட்டைவிரல் நகத்திலும் அதே பூஞ்சை இருந்ததால், இந்தமுறை டாக்டரம்மா சொன்னபடி மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கினார். ஒவ்வொரு மாதமும் வாசலில் வெயிலில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து அந்தக் காலை என் முன்னால் நீட்டுவார். அடி நகத்தில் முதலில் நூலிழை அகலத்துக்கு ஒரு இளஞ்சிவப்பு தெரிந்தது. பிறகு அரிசி அகலம். மஞ்சள், முதல்தடவையாக, முன்னால் நகர ஆரம்பித்தது.

"முன்னாடி போகுதா கண்ணு?"

"போகுதுங்க மாஸ்டர்."

"அது என்ன ஷேட் சொல்லு பாப்போம்?"

"பேபி பிங்க்குங்க."

அவர் சிரித்ததில் கட்டில் ஆடியது.

திரும்ப வேலைக்கு வந்த மனுஷன் பட்டறையில் யாரையும் நிம்மதியாக டீ குடிக்க விடவில்லை. "கம்பூட்ஸக் கழட்டு. காலக் காட்டு. வெயில்ல காட்டுறா!" பீகார்க்காரருக்குத் தமிழ் தெரியாது, மாஸ்டருக்கு இந்தி தெரியாது. ஆனால் மாஸ்டர் செருப்பைக் கழற்றித் தன் காலில் விரல் இல்லாத இடத்தைக் காட்டிவிட்டு அவர் பூட்ஸைக் காட்டுவார். அதைவிடத் தெளிவான மொழிபெயர்ப்பை நான் பார்த்ததில்லை. மறுநாளே பீகார்க்காரர் சாக்பீஸால் தன் பெயரை எழுதித் தனி பூட்ஸ் வைத்துக்கொண்டார். முதலாளியிடம் சண்டை போட்டு ஆளுக்கொரு ஜோடி வாங்கியாயிற்று. ஷிஃப்டு முடிந்ததும் அவை எங்கள் சுவரோரம் தலைகீழாக, வெயிலில் வரிசையாகக் காய்கின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் மண்ணுக்குள் தலைகுப்புறப் புதைந்த ஒரு பட்டாளம் போல இருக்கும்.

இப்போது தை நெருங்குகிறது. மாஸ்டர் காவடி எடுத்தே தீருவேன் என்கிறார். டாக்டரம்மா முதலில் முடியவே முடியாது என்றார். பிறகு இறங்கிவந்தார். பஸ்ஸில் போகட்டும், கடைசிக் கொஞ்ச தூரம் மட்டும் நடக்கட்டும். அதுவும் மெத்தென்ற ஷூ, பருத்தி சாக்ஸ். வெறுங்கால் அறவே கூடாது. கால் ஈரமாகவே இருக்கக் கூடாது. காவடிக் குழுத் தலைவர் கொதித்துவிட்டார். "ஷூப் போட்டுட்டுக் காவடியா? முருகன் ஒத்துக்குவாரா?"

சரசக்காதான் பதில் சொன்னார்: "அவருக்கென்னங்க, மயிலு மேலயே போறாரு. நடக்கறவன் கஷ்டம் அவருக்கு எங்க தெரியும்? நான் சொல்லிக்கறேன் அவருகிட்ட." குழுத் தலைவர் உடனே தலையாட்டினார். முருகனைவிடச் சரசக்காவிடம் அவருக்குப் பயம் அதிகம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை. வீட்டிலிருந்து தெருமுனைப் பிள்ளையார் கோயில்வரை காவடியோடு நடந்து பார்க்கப் போகிறார். பெண்கள் குடத்தோடு நிற்பார்கள், அதை யாராலும் தடுக்க முடியாது. தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் மட்டும் துண்டை விரித்து, அதன்மேல் நிறுத்தி ஷூவைக் கழற்றுவது, ஊற்றியதும் விரலிடுக்கெல்லாம் ஒற்றித் துடைத்து, பவுடர் போட்டு, உலர்ந்த சாக்ஸ் மாட்டுவது என்று திட்டம். எக்ஸ்போர்ட்டில் கழித்த வெள்ளைத் துண்டுகள் ஒரு கட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மாஸ்டர் அவற்றை வெயிலுக்கு எடுத்துப்போய்ப் பார்த்து, வெள்ளைதான் என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

நேற்று பேக்கரியில் டீயை ஆற்றிக்கொண்டே மாஸ்டர் கேட்டார்: "ஒம்பது வெரலப் பாத்தா அந்தப் புள்ளைக கையத் தொடச்சுக்குவாங்களா கண்ணு?"

எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருக்கிற நான் அவர் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்தேன். தொடுகிறவர்கள் கையைத் துடைத்துக்கொள்வார்களோ மாட்டார்களோ, ஞாயிற்றுக்கிழமைதான் தெரியும். அந்தக் காலைத் துடைப்பதற்கு நான் இருக்கிறேன்.